நீர்நிலை கண்ட நாயகர்

திருச்சிராப்பள்ளி என்றொரு நகரம் இருப்பதை உலகம் நெடுங்காலம் அறியாமல் இருந்தது. மலைக்கோட்டை இருந்தது. காவிரி இருந்தது. ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் இருநூற்றுச் சொச்சம் அடி உயரத்தில், யார் கண்ணிலும் படாமல் ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தது. இவற்றையெல்லாம் கண்டுபிடித்து மனித குலத்துக்கு அறிவித்தவர், ஸ்ரீரங்கம் பூஞ்சோலை நகர் இரண்டாவது குறுக்குத் தெருவில் வசிக்கும் திரு. ரெங்கராஜ் அவர்கள். அதுவும் பணி ஓய்வுக்குப் பிறகு, ஒரு செல்போனை மட்டுமே கொண்டு, தினமும் காலைக் காபிக்கு முன்னால்.

ரெங்கராஜ் கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் குடியிருந்து, அங்குள்ள கொதிகலன் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தவர். இரும்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. குறை கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்கிய அந்த மனிதர், ஓய்வு பெற்ற மறுநாளே குறை காண்பதை விட்டுவிட்டார். மகள் வாங்கிக் கொடுத்த போனில் ‘நித்தமொரு திருச்சி’ என்று ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்கினார். நாளுக்கு ஒரு படம். படத்துக்குக் கீழே ஒரு வரி. அந்த வரியில் வானம், மேகம், மௌனம் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும்.

அவருடைய கலையின் ரகசியம் ஆள்காட்டி விரலில் இருந்தது. எடுத்த படத்தில் மின்கம்பி தெரிந்தால் விரலால் ஒரு தேய்ப்பு, கம்பி போய்விடும். குப்பைத் தொட்டி, பிளக்ஸ் பேனர், மாடு, மனிதன் என்று எது குறுக்கே வந்தாலும் ஒரே தேய்ப்பு. மாநகரத்துத் தூய்மைப் பணியாளர்கள் எல்லோரும் சேர்ந்து அகற்றிய குப்பையைவிட அந்த ஒற்றை விரல் அகற்றிய குப்பை அதிகம். காந்தி மார்க்கெட்டை அவர் எடுத்தால் படத்தில் ஒரு தக்காளி இருக்கும், நீர்த்துளியோடு. காந்தி மார்க்கெட் இருக்காது. மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி மில்லின் புகையைக் கத்திரி வெயிலில் எடுத்து, ‘பனிமூட்டத்தில் ஒரு காலை’ என்று போட்டார். ‘கண் கலங்குது சார்’ என்று டெக்சாஸிலிருந்து ஒருவர் எழுதினார். அந்த இடத்தில் நேரில் நின்றிருந்தாலும் அவருக்குக் கண் கலங்கித்தான் இருக்கும்.

இப்படி நகரம் நாளொரு படமும் பொழுதொரு லைக்குமாக அழகாகிக்கொண்டிருந்த வேளையில்தான், இரண்டாவது குறுக்குத் தெருவின் பாதாளச் சாக்கடை, பாதாளத்தில் இருக்கப் பிடிக்காமல் மேலே வந்தது.

மூடி வழியாக முதலில் கசிந்தது. பிறகு பொங்கியது. தெருவின் பள்ளமான நடுப்பகுதியில் தேங்கி, ரெங்கராஜ் வீட்டு வாசலிலிருந்து எதிர் வீட்டு பிரான்சியின் வாசல் வரை பரவி நின்றது. பிரான்சி தன் வீட்டு முன் அறையில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவள். ஒரு நாள் சுடிதாரை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி, சுவரோரமாகவே நடந்து, ரெங்கராஜ் வீட்டுக்கு வந்தாள்.

“சார், பசங்க செருப்பைக் கையில புடிச்சுக்கிட்டு டியூஷனுக்கு வர்றாங்க. ரெண்டு பேருக்குக் காய்ச்சல். கார்ப்பரேஷன் குறைதீர் ஆபீசுக்குப் போன் பண்ணினா போட்டோவோட புகார் அனுப்பச் சொல்றாங்க. நான் எடுத்தா எல்லாம் ஆடிப் போயிடுது. நீங்க எடுத்தாக் கேக்கணுமா? ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுங்க சார்.”

ரெங்கராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கலைஞர்கள் மறுக்கும்போது அப்படித்தான் செய்வார்கள்.

“பிரான்சி, நான் அழகை எடுக்கிறவன். சாக்கடை என் சப்ஜெக்ட் இல்லம்மா.”

சமையலறையிலிருந்து அவர் மனைவி அனுசுயா குரல் கொடுத்தாள். “வாசப்படி வரைக்கும் வந்து நிக்குது. இன்னும் எவ்வளவு கிட்ட வந்தா சப்ஜெக்ட் ஆகும்?”

மறுநாள் காலையில் ரெங்கராஜ் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்கினார். அப்போது அவர் நோக்கம் தூய்மையாகவே இருந்தது என்பதை இங்கே பதிவு செய்தாக வேண்டும். சாக்கடையை எடுக்கத்தான் போனார். குனிந்தார். வெளிச்சம் போதவில்லை என்று குந்தினார். போனை நீர்மட்டத்துக்கு இறக்கினார்.

அங்கே, தலைகீழாக, ராஜகோபுரம் நின்றது.

தெருக்கோடிக்கு மேலே எழுந்த கோபுரத்தின் கிழக்குப் பக்கத்தில் இளவெயில் பட்டிருந்தது. காற்றே இல்லை. ஒவ்வொரு நிலையும், ஒவ்வொரு பொம்மையும், உச்சியிலிருந்த கலசங்களும் அந்தக் கறுத்த நீரில் துல்லியமாக விழுந்திருந்தன. கறுத்த நீரில்தான் அப்படி விழும். நல்ல தண்ணீரில் விழாது. ரெங்கராஜுக்கு மெய் சிலிர்த்தது. நாற்றம் இருந்தது. ஆனால் நாற்றம் படத்தில் விழாது என்பது இந்தக் கலையின் முதல் சௌகரியம்.

மிதந்த பால் பாக்கெட்டையும் ஒற்றைச் செருப்பையும் விரல் துடைத்தது. கொசுக்கள் தூரத்துப் பறவைக் கூட்டம்போல் தெரிந்ததால் அவற்றை விட்டுவைத்தார். கீழே எழுதினார்: ‘வானம் குனிந்து முகம் பார்க்கும் தடாகம். ஸ்ரீரங்கம், இன்று காலை.’

அதே படத்தைப் புகாரோடும் இணைத்து அனுப்பினார். அனுசுயா போனை வாங்கிப் பார்த்தாள்.

“சாக்கடை எங்கே?”

“அதான், கோபுரத்துக்குக் கீழ.”

“குளம் மாதிரில்ல இருக்கு? சாக்கடைன்னு எப்படித் தெரியும்?”

“தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.”

குறைதீர் அலுவலகத்திலிருந்து பதில் வியக்கத்தக்க வேகத்தில் வந்தது. ‘தங்கள் புகாருடன் இணைக்கப்பட்ட படம் ஆய்வு செய்யப்பட்டது. அதில் நீர்நிலை ஒன்று நல்ல நிலையில் பராமரிக்கப்பட்டு வருவது தெரியவருகிறது. கழிவுநீர் எதுவும் காணப்படவில்லை. எனவே இப்புகார் தீர்வு காணப்பட்டதாக முடித்து வைக்கப்படுகிறது. பி.கு: படம் மிக அருமை.’

ரெங்கராஜ் பின்குறிப்பை மட்டும் மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினார்.

படம் பரவியது. அவர் பக்கத்தில் அதுவரை எந்தப் படமும் காணாத ஆதரவு. ‘இப்படி ஒரு இடம் நம்ம ஊர்ல இருக்கா?’ ‘எந்தப் பக்கம் சார்?’ ‘இந்தத் தண்ணி குடிக்கலாமா?’ கடைசிக் கேள்விக்கு ரெங்கராஜ் யோசித்து, ‘ரசிக்கலாம்’ என்று பதில் எழுதினார். அதில் பொய் ஒன்றும் இல்லையே என்று தமக்குத் தாமே சொல்லியும் கொண்டார்.

வாட்ஸ்அப்பில் போன படம் தனியாகப் போகவில்லை. போகிற வழியில் ஒரு தல வரலாற்றையும் சேர்த்துக்கொண்டது. கோயிலுக்குள்ளிருந்து சுரங்க வழியாகச் சுரக்கும் தீர்த்தம் என்றும், பல தலைமுறைக்கு ஒரு முறைதான் வெளிப்படும் என்றும், தலையில் தெளித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தால் மூட்டுவலி நீங்கும் என்றும், இதைப் பத்துப் பேருக்கு அனுப்பாதவர்களுக்கு நீங்காது என்றும் யாரோ ஒரு பக்தர் எழுதியிருந்தார். அது சுற்றிச் சுற்றி ரெங்கராஜுக்கே வந்து சேர்ந்தது. அவர் கொதித்துப் போனார். உடனே கண்டித்துப் பதில் போட்டார்: ‘படத்தில் என் பெயர் விடுபட்டுள்ளது.’

ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். கல்யாண ஜோடிகள் வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். பிரான்சியின் வாசலில் ஸ்கூட்டர்கள் நின்றன, டியூஷன் நின்றது. நகர் நலச் சங்கச் செயலாளரான ஜெயக்குமார், வீட்டு வாடகைத் தரகரும்கூட. ‘தடாகம் பார்த்த வீடு, காற்றோட்டமானது’ என்று விளம்பரம் போட்டு, காலியாகக் கிடந்த மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டுவிட்டார். காற்றோட்டம் என்பதில் அணுவளவும் பொய் இல்லை.

ஒரு நாள் குறைதீர் அலுவலகத்திலிருந்து நல்லதம்பி என்ற அதிகாரி நேரில் வந்தார். வந்தவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடியே தடாகத்தைப் புகழ்ந்தார். பிரான்சி ஓடி வந்தாள்.

“சார், இது சாக்கடை சார். அந்த மூடியைத் திறந்து அடைப்பை எடுத்தாப் போதும்.”

“எடுக்கலாம்மா. எடுத்தா என்ன ஆகும்? தண்ணி வத்திடும். நாளைக்குப் பப்ளிக் வந்து, எங்கய்யா எங்க தடாகம்னு கேட்டா நான் என்ன ரிப்போர்ட் எழுதுறது?”

“பப்ளிக் நாங்கதான சார்?”

“நீங்க ரெசிடென்ட்ஸ். பப்ளிக் வேற.” நல்லதம்பி ரெங்கராஜ் பக்கம் திரும்பினார். “படம் எடுத்தவரே இங்க இருக்காரே. சார் சொல்லட்டும். இது சாக்கடைங்களா சார்?”

தெருவே ரெங்கராஜைப் பார்த்தது. முப்பது வருஷம் ‘ரிஜெக்ட்’ முத்திரை குத்திய வாய் அது. ஒரு சொல் போதும்.

“கலைக்குப் பல பரிமாணம் உண்டு” என்றார் ரெங்கராஜ்.

நல்லதம்பி தலையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார். பிரான்சி உள்ளே போனாள். அன்று மாலை மறுபடி வந்து, வாசலிலேயே நின்று கேட்டாள். “சார், உங்க பக்கத்துல ஒரே ஒரு வரி எழுதுங்க. இது சாக்கடைன்னு. நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க.”

“எழுதுறேம்மா. ஞாயித்துக்கிழமை ஃபங்ஷன் முடியட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை ஃபங்ஷன் என்பது ரெங்கராஜுக்கு நகர் நலச் சங்கம் எடுத்த பாராட்டு விழா. ‘நீர்நிலை கண்ட நாயகர்’ என்ற பட்டமும் பொன்னாடையும் வழங்குவதாக ஏற்பாடு. பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, வயரில்லாத மைக். சிறப்பு விருந்தினர் நல்லதம்பி. நாற்றத்துக்கு மாற்றாக மேடையைச் சுற்றி ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள். பொன்னாடை போர்த்தும் கட்டத்தைப் படமெடுக்க ரெங்கராஜ் தம் போனை அனுசுயாவிடம் கொடுத்து, ஒத்திகையும் பார்த்திருந்தார்.

“கொஞ்சம் தாழ்வா வச்சு எடு. பின்னாடி கோபுரம் வரணும். விரல் மறைக்கக் கூடாது.”

“சரி, சரி.”

ஜெயக்குமார் பேசினார். “கல்லணை கட்டினவங்க காவிரியைத் தடுத்தாங்க. நம்ம ரெங்கராஜ் சார் தண்ணி எங்கேயும் போகாமலே பாத்துக்கிட்டாரு!” கைதட்டல். பொன்னாடை விழுந்தது. ஏற்புரைக்காக மைக் ரெங்கராஜ் கைக்கு வந்தது.

அந்த நேரத்தில்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண்மணி தடாகத்தின் ஓரத்துக்கு வந்தார். கையில் காலி வாட்டர் பாட்டில். கூடவே வெள்ளை வேட்டியில் அவர் கணவர். கணவரின் போனில் வந்த அந்தத் தீர்த்தக் கதையை நம்பி, வையம்பட்டியிலிருந்து பஸ் மாறி வந்திருந்த ராக்கம்மாளும் காத்தமுத்துவும்தான் அவர்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. ராக்கம்மாள் செருப்பைக் கழற்றினார். முழங்கால் வலிக்க வலிக்கக் குனிந்து, கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். கணுக்கால் நனைய இறங்கினார். இரண்டு கையாலும் நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். பாட்டிலை நிரப்பிக் கணவரிடம் நீட்டினார்.

ரெங்கராஜ் மேடையிலிருந்து பார்த்தார். யாராவது சொல்வார்கள் என்று நினைத்தார். ஜெயக்குமார் மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். நல்லதம்பி வானத்தைப் பார்த்தார். எதிர் வாசலிலிருந்து பிரான்சி மட்டும் “அம்மா! அம்மா!” என்று கத்தினாள், பொன்னாடைக்காக ஸ்பீக்கரில் போட்டிருந்த பாட்டுச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. அனுசுயா போன் வழியாக மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தாழ்வாக, கோபுரம் வரும்படி.

ராக்கம்மாள் மறுபடி அள்ளினார். கண்ணை மூடினார். கையை வாயருகே கொண்டுபோனார்.

ரெங்கராஜ் மேடையிலிருந்து குதித்தார். அவர் வயதுக்கு அது நல்ல குதி.

“குடிக்காதீங்கம்மா! குடிக்காதீங்க! அது சாக்கடை! எங்க வீட்டுத் தண்ணியும் அதுலதான் கலக்குது!”

மைக் கையிலேயே இருந்தது. ஏற்புரை தெருமுனை வரை தெளிவாகக் கேட்டது. ஓடிய வேகத்தில் பாசியில் கால் வைத்தார். பொன்னாடையோடு தடாகத்தின் நட்டநடுவில், இடுப்பு மூழ்க உட்கார்ந்தார். ஸ்பீக்கரில் ‘களக்’ என்று ஒரு சத்தம் கேட்டு ஓய்ந்தது.

ராக்கம்மாள் கையை விரித்தார். நீர் ஒழுகிப் போனது.

“சாக்கடைங்களா?”

“ஆமாம்மா.”

“போட்டோ புடிச்சது யாருங்க?”

“நான்தாம்மா.”

“அப்ப உங்களுக்கு மொதல்லயே தெரியுங்களா?”

சுற்றிலும் போன்கள் உயர்ந்தன. இத்தனை நாள் அவர் பிறருக்குக் கற்றுக்கொடுத்த கலையை ஊரே அவர்மேல் பழகியது. காத்தமுத்து பாட்டிலைக் கவிழ்த்துவிட்டு, மனைவியின் நெற்றியில் வழிந்ததைத் தன் துண்டால் துடைத்தார். துடைத்துக்கொண்டே, “வா புள்ள, போகலாம். நான்தான் அந்தக் கருமத்தை உனக்குக் காட்டினேன்” என்றார். ரெங்கராஜ் சொல்ல வேண்டியதை அவர் சொன்னார்.

அனுசுயா போனைத் தோள்பையில் போட்டாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். முதலில் ராக்கம்மாளைக் கைபிடித்து ஏற்றினாள். “வீட்டுக்கு வாங்கக்கா, குளிச்சுட்டுப் போகலாம்” என்று கூட்டிப் போனாள். பிரான்சி வெந்நீரும் டெட்டாலும் கொண்டு ஓடினாள். தன் கணவரைத் தூக்க அனுசுயா திரும்பி வந்தபோது பந்தலில் ஊதுபத்தி அணைந்திருந்தது.

குளித்து, அனுசுயாவின் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது ராக்கம்மாள் வாசலில் நின்றார். ரெங்கராஜ் தலையைத் துவட்டியபடி ஒதுங்கி நின்றார்.

“ஓடி வந்து சொன்னீங்க, நல்லா இருங்க” என்றார் ராக்கம்மாள். “ஆனா போட்டோவுக்குக் கீழ எழுதினீங்களே, அதுல ஒரு வார்த்தை எழுதியிருந்தா நீங்க ஓடியிருக்கவே வேண்டாங்களே.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் ரெங்கராஜுக்குத் தாங்கவில்லை. அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை.

அனுசுயா சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு அவர் போனை எடுத்து, காலையில் அவர் விழுந்த நேரத்தில் தன் கை தவறுதலாகப் பட்டு எடுக்கப்பட்டிருந்த ஒரு படத்தைக் குறைதீர் அலுவலகத்துக்கு அனுப்பினாள். படம் சாய்ந்திருந்தது. மூலையில் அவள் விரல் தெரிந்தது. கோபுரம் இல்லை, வானம் இல்லை. கறுப்புத் தண்ணீரும், பால் பாக்கெட்டும், நடுவில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்த ரெங்கராஜும் இருந்தார்கள்.

மறுநாளே பதில் வந்தது. ‘படத்தில் கழிவுநீர் ஐயத்துக்கு இடமின்றிக் காணப்படுகிறது. ஆழம் விளங்கும் பொருட்டு மூத்த குடிமகன் ஒருவர் நடுவில் வைக்கப்பட்டிருப்பது பாராட்டுக்குரியது. உடனடி நடவடிக்கை எடுக்கப்படும்.’

எடுக்கப்பட்டது. வண்டி வந்து உறிஞ்சியது. அடைப்பு நீங்கியது. தெரு காய்ந்தது. பிரான்சியின் பிள்ளைகள் செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு டியூஷனுக்கு வந்தார்கள்.

ரெங்கராஜ் திருந்தினார். இனி உள்ளதை உள்ளபடி எடுப்பது என்று தீர்மானித்தார். ஒரு வாரம் கழித்து, விடிகாலையில் காவிரிக் கரைக்குப் போனார். சூரியன் எழுந்தது, நீர் பொன்னாய் மின்னியது, கரையில் பழந்துணியும் பிளாஸ்டிக் பையும் வாடிய மாலைகளும் குவிந்து கிடந்தன. எல்லாவற்றையும் சேர்த்து எடுத்தார். விரல் துடித்தது. அதைச் சட்டைப் பையில் போட்டு அடக்கினார். கீழே, ‘காவிரிக் கரை, இருக்கிறபடி’ என்று மட்டும் எழுதிப் பதிவேற்றினார். வீட்டுக்கு வந்து அனுசுயாவிடம் காட்டினார்.

“இன்னைக்குத்தாங்க உருப்படியா ஒரு படம் எடுத்திருக்கீங்க” என்றாள் அவள். காபியில் சர்க்கரை தூக்கலாக இருந்தது.

ரெங்கராஜ் காபியோடு உட்கார்ந்து போனைத் திறந்தார். டெக்சாஸ்காரர் எழுதியிருந்தார்: ‘என்னாச்சு சார் உங்களுக்கு? இதைப் பாக்கவா காலையில போனைத் திறக்கிறோம்?’ இன்னொருவர்: ‘நெகட்டிவிட்டி வேண்டாமே.’ ஜெயக்குமார்: ‘சொந்த ஊரை இப்படி அசிங்கப்படுத்தலாமா? வெளியூர்க்காரன் என்ன நினைப்பான்?’ லைக் போட்டவர் ஒரே ஒருவர், பிரான்சி.

ரெங்கராஜ் மூன்றையும் மறுபடி படித்தார். காபி ஆறியது. பிறகு சட்டைப் பையிலிருந்து விரலை வெளியே எடுத்தார்.

அனுசுயா டம்ளரை எடுக்க வந்தபோது, மகளுக்கு அனுப்புவதற்காக அந்தப் படத்தைக் கேட்டாள்.

“இல்லம்மா. எடுத்துட்டேன்.”

“குப்பையையா?”

“படத்தை.”

அந்த நிமிடத்திலிருந்து திருச்சிராப்பள்ளி மறுபடியும் தூய்மையான நகரமாகத் திகழ்ந்து வருகிறது.